ஆதாரில் திருத்தம் செய்யப் போகும் முன்: மதுரை வட்டாரத்து மக்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம். பிறந்த தேதியை ஒரு முறை, பாலினத்தை ஒரு முறை. முகவரிக்கும் செல்போன் எண்ணுக்கும் வரம்பு இல்லை. இது தெரியாமல் அவசரத்தில் ஒரு வாய்ப்பை இனிஷியலுக்கும் இன்னொன்றை எழுத்துப் பிழைக்கும் செலவழித்துவிட்டு, பாஸ்போர்ட்டோ பி.எஃப். பணமோ எடுக்கும் நேரத்தில் மாட்டிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். அதனால் தாலுகா ஆபீஸ் வரிசையில் நிற்பதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து செய்யவேண்டிய வேலையைத்தான் இங்கே அதிகம் சொல்லியிருக்கிறேன். கவுன்டரில் நடப்பது பத்து நிமிட வேலை. பெரும்பாலான தவறுகள் அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

1. எல்லா கார்டுகளையும் எடுத்து வைத்து எழுத்துக் கூட்டிப் படியுங்கள்

ஆதார், பான், வாக்காளர் அட்டை, ரேஷன் ஸ்மார்ட் கார்டு, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், பேங்க் பாஸ்புக் எல்லாவற்றையும் தரையில் பரப்பி வையுங்கள். ஒவ்வொன்றிலும் உங்கள் பெயர் ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே, இடைவெளி, புள்ளி உட்பட, ஒரு வெள்ளைத்தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். பிறந்த தேதியையும் பக்கத்தில் எழுதுங்கள். எந்த இரண்டு ஒத்துப்போகின்றன, எது தனியாக நிற்கிறது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். ஆதார் மட்டும் தனியாக நின்றால் ஆதாரைத் திருத்துங்கள். ஆதாரும் மார்க் ஷீட்டும் ஒத்துப்போய் பான் மட்டும் எழுத்துப் பிழையால் தனியாக நின்றால், திருத்தவேண்டியது பான். ஆதாரைத் தொடாதீர்கள்.

இதுவரை எத்தனை முறை மாற்றியிருக்கிறீர்கள் என்பதை ஆதார் ஆணையத்தின் ‘மை ஆதார்’ இணையதளத்தில் ‘அப்டேட் ஹிஸ்டரி’ பகுதியில் பார்க்கலாம். அதற்கு உங்கள் போனுக்கு ஓ.டி.பி. வரவேண்டும். பழைய எண் கைவசம் இல்லையென்றால் முதல் வேலை எண்ணை மாற்றுவதுதான். அதற்கு எந்தச் சான்றும் வேண்டாம், ஆளும் கைரேகையும் போதும். தாலுகா ஆபீஸ் வரை போகமுடியாதவர்களுக்கு இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் பேங்க் வழியாகத் தபால்காரரே வீட்டுக்கு வந்து எண்ணை மாற்றித் தருகிறார். பிரவுசிங் சென்டர்காரரின் எண்ணையோ, பக்கத்து வீட்டுத் தம்பியின் எண்ணையோ கொடுக்காதீர்கள். வீட்டில் ஒரே போன்தான் இருக்கிறது என்றால் அந்த ஒரே எண்ணைக் குடும்பத்தில் எல்லாருக்கும் கொடுக்கலாம், தடையில்லை.

2. இனிஷியலை முடிவு செய்யுங்கள்

மற்ற பல மாநிலத்தாருக்கு இல்லாத சிக்கல் நமக்கு இதுதான். ‘க. முருகன்’, ‘முருகன் க’, ‘முருகன் கருப்பையா’ மூன்றும் நமக்கு ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு மூன்று ஆள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல்தான் இருக்கும். பான் விண்ணப்பத்தில் வெறும் இனிஷியலைப் பெயராக ஏற்கமாட்டார்கள், அப்பா பெயரை விரித்து எழுதவேண்டும். பாஸ்போர்ட்டிலும் விரிக்கத்தான் சொல்வார்கள்.

என் பரிந்துரை இது. வேலை, வெளிநாடு, வங்கிக் கடன் என்று இன்னும் பல காரியம் இருக்கிற வயதினர், தன் பெயர் முதலில், அப்பா பெயர் முழுதாகப் பின்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். பான் கார்டில் எழுத்துக்கு எழுத்து எப்படியோ ஆதாரிலும் அப்படி. அறுபதைத் தாண்டி, ஓய்வூதியமும் ரேஷனும் தடையில்லாமல் வந்துகொண்டிருக்கும் பெரியவர்களுக்கு இனிஷியல் முன்னால் இருந்தால் என்ன, பின்னால் இருந்தால் என்ன? ஓடிக்கொண்டிருப்பதைத் தொடவேண்டாம்.

கல்யாணமான பெண்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். அப்பா இனிஷியலை எடுத்துவிட்டுக் கணவர் இனிஷியலைப் போட்டே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மாற்றினால் படிப்புச் சான்றிதழ் ஒரு பெயரில், ஆதார் ஒரு பெயரில் நிற்கும். புகுந்த வீட்டு முகவரிக்கு மாறினால் போதும். முகவரியின் முதல் வரியில் ‘கேர் ஆஃப்’ என்று வரும் இடத்தில் கணவர் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். அது முகவரியின் பகுதி, பெயர் மாற்றக் கணக்கில் சேராது.

எண் கணிதத்துக்காக ஓர் எழுத்தைக் கூட்டுவதும் ஒரு பெயர் மாற்றம்தான். ஆதாரில் அதைச் செய்யாதீர்கள்.

பெயரை முழுதாக மாற்றுகிறவர்கள் தமிழ்நாடு அரசு எழுதுபொருள், அச்சுத் துறை வெளியிடும் அரசிதழில் அறிவிப்பு வெளியிட்டு அந்தப் பிரதியும், பழைய பெயரில் படத்தோடு உள்ள ஓர் அட்டையும் கொண்டுபோகவேண்டும். இரண்டில் ஒன்று இல்லாமல் போனால் வேலை நடக்காது.

இன்னொரு பொறி உண்டு. ஆதார் தப்பாக இருக்கும்போதே, ஆதார் வழியாக உடனடி இ-பான் எடுத்தால் அதே தப்புப் பெயர் பானுக்கும் போய்விடும். பிறகு ஒன்றுக்கு ஒன்று சாட்சியாகி நிற்கும். முதலில் ஆதார், அது சரியான பிறகு பான்.

3. சான்றுகளைத் தயார் செய்யுங்கள்

அசல்தான் வேண்டும். கவுன்டரிலேயே ஸ்கேன் செய்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார்கள். ஜெராக்ஸ் மட்டும் எடுத்துப் போனால் திரும்பி வரவேண்டியதுதான். போட்டோவும் தேவையில்லை, அங்கேயே எடுப்பார்கள்.

பெயருக்கு: பாஸ்போர்ட், பான், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம் போன்று படத்தோடு உள்ள ஒன்று. நீங்கள் கேட்கும் பெயர் அதில் எழுத்துக்கு எழுத்து இருக்கவேண்டும். எந்தச் சான்றிலும் இல்லாத ஓர் எழுத்தமைப்பை ஆதாரில் போடச் சொன்னால் நிராகரிப்பு நிச்சயம். நம் ரேஷன் ஸ்மார்ட் கார்டில் குடும்பத் தலைவர் படம் மட்டும்தான் இருக்கும், ஆகையால் மற்றவர்கள் அதை மட்டும் நம்பிப் போகவேண்டாம். கையில் சரியான எழுத்தோடு ஒன்றுமே இல்லையென்றால், வாக்காளர் அட்டையைப் படிவம் 8 வழியாக முதலில் திருத்துங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

பிறந்த தேதிக்கு: பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், அரசு வாரியத்தின் மார்க் ஷீட். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான். பிறப்பே பதியாமல் விட்ட குடும்பங்கள் மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் இன்னும் இருக்கின்றன. ஓராண்டு தாண்டிய பிறப்பைப் பதிய வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) உத்தரவு வேண்டும். மதுரை, மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் நான்கு இடங்களில் ஆர்.டி.ஓ. அலுவலகம் இருக்கிறது. இது வாரக்கணக்கில் இழுக்கும் வேலை. பள்ளி சேர்க்கும் மாதத்தில் தொடங்கினால் முடியாது.

முகவரிக்கு: இங்கேதான் அதிகம் பேர் திரும்பி வருகிறார்கள். கரன்ட் பில் மூன்று மாதத்துக்குள் உள்ளதாக இருக்கவேண்டும். நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் கணக்கெடுப்பு, ஆகவே கடைசி பில் ஒன்றுதான் செல்லும். ஆனால் பில் யார் பெயரில் இருக்கிறது? இறந்துபோன தாத்தா பெயரிலோ வீட்டு உரிமையாளர் பெயரிலோ இருந்தால் அது உங்களுக்குச் சான்றாகாது. சொத்து வரி ரசீதுக்கும் இதே கதைதான்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும், பெயரில் பில் இல்லாதவர்களுக்கும் இரண்டு வழி.

ஒன்று, ஆதார் ஆணையத்தின் நிலையான சான்றுப் படிவம். தளத்திலிருந்து ஏ4 தாளில் பிரின்ட் எடுத்து, கவுன்சிலர், எம்.எல்.ஏ., தாசில்தார், கெசட்டட் அதிகாரி ஆகியோரில் ஒருவரிடம் கையெழுத்து வாங்கவேண்டும். கிராமத்து முகவரிக்கு ஊராட்சித் தலைவரும் தரலாம். படத்தை ஒட்டி, பாதி முத்திரை படத்தின்மேலும் பாதி தாளின்மேலும் விழும்படி சீல் வைக்கவேண்டும். தேதி போடவேண்டும். அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இருக்கக்கூடாது. கையெழுத்தான நாளிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும். லெட்டர் பேடில் ‘இவரை எனக்கு நன்கு தெரியும்’ என்று எழுதி வாங்கிப் போகாதீர்கள், அந்தப் படிவத்தில் இருந்தால்தான் ஸ்கேன் செய்வார்கள்.

இரண்டு, குடும்பத் தலைவர் வழி. அப்பா, கணவர் அல்லது மனைவி ஆதாரில் சரியான முகவரி இருந்தால், மை ஆதார் தளத்தில் அவருடைய ஆதார் எண்ணையும் உறவுக்கான சான்றையும் கொடுத்து விண்ணப்பிக்கலாம். உறவுக்கு ரேஷன் கார்டோ திருமணச் சான்றிதழோ போதும். அவர் தன் கணக்கில் நுழைந்து 30 நாளுக்குள் சம்மதம் தரவேண்டும். மறந்துவிட்டால் விண்ணப்பம் காலாவதியாகும், கட்டிய பணம் திரும்பாது. கல்யாணமாகி வந்த பெண்களுக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை.

பின்கோடு போட்டதும் அதற்குரிய ஊர்களும் தபால் நிலையங்களும்தான் திரையில் வரும். திருநகர் 625006, திருப்பரங்குன்றம் 625005. பக்கத்துப் பக்கத்து ஊர், ஓர் எண் மாறினால் தபால் அலைந்து திரும்பிவிடும். உங்கள் தெருவுக்கு எந்தத் தபால் நிலையம் என்று தபால்காரரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

4. எங்கே, எப்போது போவது

தாலுகா அலுவலகங்களில் உள்ள நிரந்தர ஆதார் மையம், தலைமைத் தபால் நிலையம் (நகரில் ஸ்காட் ரோடு, தல்லாகுளம்), சில வங்கிக் கிளைகள். மாவட்டத்தில் பதினொரு தாலுகா இருக்கின்றன. உங்கள் தாலுகாவிலேயே செய்யவேண்டும் என்ற விதி இல்லை. மதுரை வடக்கில் கூட்டமாக இருந்தால் வாடிப்பட்டிக்கோ கள்ளிக்குடிக்கோ போகலாம். ‘இ-சேவை’ என்று பலகை வைத்த கடைகள் எல்லாவற்றிலும் ஆதார்ப் பதிவு நடக்காது, பெரும்பாலானவை பிரின்ட் மட்டும்தான் எடுத்துத் தரும். ஆதார் உதவி எண் 1947-க்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசி, அருகில் உள்ள மையத்தைக் கேட்கலாம்.

காலையில் டோக்கன் தீர்ந்துவிடும், திறப்பதற்கு முன்பே போய்விடுங்கள். மே, ஜூன் மாதங்களில் பள்ளிச் சேர்க்கைக் கூட்டம் நெரியும். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாள் உள்ளூர் விடுமுறை. அவசரமில்லாத திருத்தம் என்றால் ஜூலைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

படிவம் இலவசம். பதினெட்டு நிரம்பியவர்களுக்குப் படிவம் 1, ஐந்து முதல் பதினெட்டு வரை படிவம் 3, ஐந்துக்குக் கீழே படிவம் 5. வாசலில் காசுக்கு விற்பவரிடம் வாங்கவேண்டாம். அவர் தருவது பழைய படிவமாகவும் இருக்கலாம்.

5. கவுன்டரில்: உங்கள் பக்கம் திரும்பியிருக்கும் திரை

இந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் மேலே சொன்ன எல்லாமே. ஆபரேட்டரின் திரையில் இருப்பதைக் காட்ட உங்கள் பக்கமாக இன்னொரு திரை இருக்கும். அது அணைந்திருந்தால் போடச் சொல்லுங்கள். கேட்பதற்குத் தயங்கவேண்டாம், அது உங்கள் உரிமை.

அதில் பெயர் இரண்டு வரியாக இருக்கும், ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. ஆபரேட்டர் ஆங்கிலத்தில் அடிப்பார், தமிழ் தானாக மாறி விழும். அங்கேதான் கோளாறு. பாண்டியை ஆங்கிலத்தில் ஒரு ‘ஏ’ மட்டும் போட்டு எழுதினால் தமிழில் ‘பண்டி’ ஆகும். கருப்பாயி ‘கருப்பயி’ ஆவார். அழகரை ‘எல்’ எழுத்து போட்டு அடித்தால் ‘அலகர்’ வந்து நிற்கும். ஆங்கிலம் சரியாக இருக்கிறது என்று தலையாட்டிவிடாதீர்கள். தமிழ் வரியைத் தனியாகத் திருத்தமுடியும், ஆபரேட்டரிடம் அந்த இடத்திலேயே சொல்லவேண்டும். ஊர்ப் பெயர், தெருப் பெயர், அப்பா பெயர் எல்லாவற்றையும் வாய்விட்டுப் படியுங்கள். கண் சரியாகத் தெரியாத பெரியவர்களோடு படிக்கத் தெரிந்த ஒருவர் கட்டாயம் போகவேண்டும்.

பெயரின் முன்னால் ‘திரு’, ‘திருமதி’, பின்னால் பட்டம், எதுவும் வேண்டாம்.

கைரேகை: கிரானைட், கட்டட வேலை, பாத்திர வேலை, சாய வேலை செய்கிறவர்களுக்கும் வயதானவர்களுக்கும் ரேகை தேய்ந்திருக்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் இல்லாமல் துடைத்துவிட்டு வையுங்கள். ரேகை விழாவிட்டாலும் பதிவை மறுக்கக்கூடாது. கண் கருவிழியும் முகமும் இருக்கின்றன, ரேகை இல்லாமலே பதியும் விலக்குப் பதிவு முறையும் இருக்கிறது.

6. எவ்வளவு செலவு

2025 அக்டோபர் 1 முதல் உள்ள கட்டணம் இது. முதன்முறைப் பதிவு இலவசம். பெயர், முகவரி, பிறந்த தேதி, போன் எண் திருத்தம் 75 ரூபாய். ஒரே நேரத்தில் பெயரையும் முகவரியையும் மாற்றினாலும் 75 தான், ஆகவே இருப்பதையெல்லாம் ஒரே தடவையில் முடியுங்கள். கைரேகை, கருவிழி, படம் புதுப்பிக்க 125. அதோடு சேர்த்துப் பெயர், முகவரி மாற்றினால் தனியாகக் கொடுக்கவேண்டாம். மையத்தில் ஆதார் நகல் எடுக்க 40.

கட்டிய தொகை ஒப்புகைச் சீட்டில் அச்சாகியிருக்கும். அதற்குமேல் கேட்டால் கொடுக்காதீர்கள், 1947-இல் புகார் சொல்லலாம்.

7. ஒப்புகைச் சீட்டும் காத்திருப்பும்

சீட்டில் மேலே 14 இலக்கப் பதிவு எண், அதோடு தேதியும் நேரமும். இரண்டும் சேர்ந்ததுதான் முழு எண், 28 இலக்கம். சீட்டில் எழுத்து சில வாரங்களிலேயே மங்கிவிடக்கூடும். வாங்கிய உடனே போனில் படம் எடுத்துவிடுங்கள்.

திருத்தம் பொதுவாக 30 நாளுக்குள் முடியும். நிராகரித்தால் ஏன் என்று மை ஆதாரில் பாருங்கள். சான்றில் உள்ள பெயரும் கேட்ட பெயரும் வேறு, ஸ்கேன் தெளிவில்லை, சான்று காலாவதி, இவைதான் வழக்கமான காரணங்கள். காரணத்தைச் சரிசெய்யாமல் அதே தாளோடு மறுபடி போனால் இன்னொரு 75 ரூபாய்தான் போகும். பெயருக்கு இரண்டு வாய்ப்பும் தீர்ந்தவர்கள் மையத்தில் விண்ணப்பித்து, நிராகரிப்பு வந்ததும் அந்தச் சீட்டோடு 1947 வழியாக மண்டல அலுவலகத்துக்கு விதிவிலக்கு கேட்கவேண்டும். கிடைக்கும் என்று உறுதி இல்லை, காலமும் ஆகும்.

முடிந்ததும் இ-ஆதாரை இறக்கிக்கொள்ளுங்கள். திறக்கும் பாஸ்வேர்டு, பெயரின் முதல் நான்கு எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில், அதோடு பிறந்த ஆண்டு. இனிஷியல் முன்னால் உள்ளவர்கள் தடுமாறுவது இங்கேதான், ஏனென்றால் புள்ளியும் ஓர் எழுத்தாகச் சேரும், இடைவெளி சேராது. பி. குமார், 1990 என்றால் பி, புள்ளி, கே, யு, பிறகு 1990.

8. குழந்தைகளுக்கு

ஐந்து வயதுக்குக் கீழே கைரேகை எடுக்கமாட்டார்கள். பிறப்புச் சான்றிதழும், அப்பா அல்லது அம்மாவின் ஆதாரும், அவருடைய நேரடி வருகையும் போதும். ஆனால் பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கவேண்டும். பெயர் சேர்க்காமலே விட்டுவிடுவது நம் பக்கம் அதிகம். பிறந்து ஓராண்டுக்குள் சேர்த்தால் இலவசம், அதன்பின் 15 ஆண்டுவரை 200 ரூபாய் தாமதக் கட்டணம். அங்கே எழுதும் ஆங்கில எழுத்துதான் கடைசிவரை பிள்ளையோடு வரும். அவசரப்படாமல் எழுதுங்கள்.

ஐந்து வயதில் ஒரு முறை, பதினைந்தில் ஒரு முறை கைரேகை பதியவேண்டும். ஐந்து முதல் ஏழு வரையும் பதினைந்து முதல் பதினேழு வரையும் கட்டணம் இல்லை. இடைப்பட்ட ஏழு முதல் பதினைந்து வரைக்கும் 2025 அக்டோபர் 1 முதல் ஓராண்டு இலவசம் அறிவித்தார்கள். ஏழு தாண்டியும் புதுப்பிக்காவிட்டால் எண்ணை முடக்கிவிடலாம், உதவித்தொகை நேரத்தில் தெரியவரும். தமிழ்நாட்டில் பள்ளிகளிலேயே முகாம் போடுகிறார்கள், தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள்.

9. பதினெட்டு தாண்டி முதன்முறை எடுப்பவர்கள்

முன்பு எடுத்துத் தொலைத்தவர் புதிதாக விண்ணப்பித்தால், கைரேகை பழையதோடு ஒத்துப்போய் நிராகரிக்கப்படும். தொலைந்த எண்ணை மீட்டுக்கொள்வதுதான் வழி. உண்மையிலேயே முதன்முறை என்றால், விண்ணப்பம் மாநில அரசின் சரிபார்ப்புக்குப் போய் வரும். 180 நாள்வரை ஆகலாம். வேலைக்கோ கல்லூரிக்கோ வேண்டும் என்றால் ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்.

10. கார்டு கைக்கு வந்த பிறகு

ஆதாரில் திருத்தினால் மற்ற இடங்களில் தானாக மாறாது. பேங்க், ரேஷன் கார்டு, பி.எஃப்., கேஸ், ஒவ்வொன்றுக்கும் தனியாகத் தெரிவிக்கவேண்டும்.

மகளிர் உரிமைத் தொகை, நூறு நாள் வேலைக் கூலி, கிசான் பணம் வராதவர்கள் பார்க்கவேண்டியது ஒன்று. பேங்கில் ஆதார் கொடுத்திருப்பது வேறு, அரசுப் பணம் வருவதற்கு அந்தக் கணக்கை என்.பி.சி.ஐ. (வங்கிகளுக்கு இடையே பணம் போய்வர வழிசெய்யும் தேசிய அமைப்பு) பட்டியலில் இணைத்திருப்பது வேறு. கடைசியாக எந்தக் கணக்கை இணைத்தீர்களோ அதற்குத்தான் பணம் போகும். புதிதாக ஒரு கணக்கு தொடங்கியபோது கையெழுத்துப் போட்ட தாள்களில் இதுவும் ஒன்றாக இருந்திருக்கலாம். மை ஆதாரில் ‘பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்’ பார்த்தால் எந்த வங்கி என்று காட்டும். பழைய கணக்கில் பணம் சேர்ந்து கிடப்பது பலமுறை இப்படித்தான் தெரியவருகிறது.

கைரேகையை ‘லாக்’ செய்துவைப்பது பாதுகாப்பானது. ஆனால் ரேஷன் கடைக்குப் போகும் முன் திறக்க மறந்தால் கருவி ஏற்காது. நடமாட முடியாத பெரியவர்களுக்குப் பதிலாக வேறொருவர் பொருள் வாங்க அங்கீகாரப் படிவம் இருக்கிறது, கடையிலேயே கேட்கலாம்.

லாட்ஜ், ஜெராக்ஸ் கடை, வாடகை ஒப்பந்தம் போன்றவற்றுக்கு முழு எண் தெரியும் நகலைத் தராதீர்கள். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் ‘மாஸ்க்டு’ ஆதாரை அதே தளத்திலிருந்து எடுத்துக் கொடுங்கள். ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரில் இறக்கினால், கிளம்பும் முன் அந்த ஃபைலை அழித்துவிட்டு, கம்ப்யூட்டரில் உள்ள குப்பைத் தொட்டியையும் (ரீசைக்கிள் பின்) காலி செய்யச் சொல்லுங்கள்.

ஆதார் அடையாளத்துக்குத்தான் சான்று. குடியுரிமைக்கும் பிறந்த தேதிக்கும் சான்றாகாது. ரேஸ்கோர்ஸ் பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போகும்போது பிறப்புச் சான்றிதழோ மார்க் ஷீட்டோ தனியாகக் கையில் இருக்கட்டும்.